இரண்டு கிழமை: அவுஸ்திரேலியப் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு,

போன மாதம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. பாதுகாப்பு வீசாவுக்குப் புதிதாக விண்ணப்பிக்க அனுமதி கேட்டு என் சட்டத்தரணி அனுப்பிய மனுவுக்கான பதில் அது. மனு 22 பக்கம். அதோடு ஓர் ஒலிப்பதிவும் சேர்த்து அனுப்பியிருந்தோம். பதில் இரண்டே பந்தி. கோரிக்கை வழிகாட்டு விதிகளுக்குள் அடங்கவில்லை, அதனால் அமைச்சரின் பார்வைக்கு அனுப்பப்படவில்லை என்று இருந்தது. ஒலிப்பதிவை யாராவது கேட்டார்களா என்பது பற்றி ஒரு சொல்லும் இல்லை. பதின்மூன்று வருடமாகச் சொன்ன இடத்தில் கையெழுத்து வைத்து, சொன்ன நாளில் வந்து நின்று, ஒன்றும் பேசாமல் காத்திருந்தவன் நான். இந்தக் கடிதத்துக்குப் பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

இதைத் தமிழில்தான் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதித் தர நண்பர்கள் இருக்கிறார்கள். ஆனால் நான் சொன்னதை இன்னொருவர் ஆங்கிலத்தில் சொன்னதால்தான் என் வாழ்க்கை இப்படி நிற்கிறது. இந்த முறையாவது நான் சொல்வது, சொன்னபடியே ஓரிடத்தில் கிடக்கட்டும். உங்களிடம் மொழிபெயர்ப்பாளர்கள் இருப்பார்கள். ஈழத்துத் தமிழ் பேசி வளர்ந்த ஒருவரைக் கூப்பிட்டு இதை வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். ஏன் அப்படிக் கேட்கிறேன் என்பது போகப் போக விளங்கும்.

நான் முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடித்து வாழ்ந்தவன். 2009 மே மாதம் போர் முடிந்தபோது முள்ளிவாய்க்காலில் இருந்து உயிரோடு வெளியே வந்தவர்களில் ஒருவன். என் அண்ணாவும் எங்களோடுதான் வந்தார். வட்டுவாகல் பாலத்தடியில் இராணுவம், புலிகள் இயக்கத்தில் ஒரு நாள் இருந்தவர்களும் வந்து பதியலாம் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தது. அண்ணா போய்ப் பதிந்தார். அதற்குப் பிறகு அவரை நாங்கள் காணவில்லை. மற்றவர்களை மெனிக் பாம் முட்கம்பி முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து வெளியே விட்ட சில மாதத்தில், 2010இல், ஒரு இரவு வெள்ளை வானில் வந்து என்னைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அண்ணாவைப் பற்றிக் கேட்டார்கள். ஆயுதம் எங்கே புதைத்திருக்கிறது என்று கேட்டார்கள். இரண்டு கிழமை வைத்திருந்தார்கள். அங்கே நடந்ததை இங்கே எழுத மாட்டேன். வைத்தியரின் அறிக்கை என் கோப்பில் இருக்கிறது. என் இடது தோள் இன்றைக்கும் முழுதாக மேலே எழும்பாது.

விட்ட பிறகும் வீட்டுக்கு வந்து போனார்கள். 2012 செப்டெம்பரில், இரண்டு வயது மகளையும் மனைவியையும் அம்மாவிடம் விட்டுவிட்டு, திருகோணமலைப் பக்கமிருந்து ஒரு மீன்பிடிப் படகில் ஏறினேன். பதினேழு நாள் கடலில். கொக்கோஸ் தீவின் கடலில் உங்கள் கடற்படை எங்களை ஏற்றியது. தண்ணீர் தந்தார்கள், போர்வை தந்தார்கள். அந்த மரியாதையை நான் மறக்கவில்லை.

ஆனால் நாங்கள் ஏற்கனவே பிந்திவிட்டோம் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. 2012 ஆகஸ்ட் 13 என்று ஒரு திகதியை உங்கள் அரசு குறித்திருந்தது. அதற்கு முதல் வந்த பலருக்கு நிரந்தர வீசா கிடைத்தது. அன்றிலிருந்து வந்தவர்களுக்கு, கடல் வழி வந்ததால் எந்த நன்மையும் கிடைத்துவிடக் கூடாது என்பது கொள்கையானது. 2013இல் என்னைத் தடுப்பு முகாமிலிருந்து வெளியே விட்டபோது தந்த பிரிட்ஜிங் வீசாவில், அதாவது முடிவு வரும் வரை இருக்கத் தரும் தற்காலிக வீசாவில், வேலை செய்யக் கூடாது என்று எழுதியிருந்தது. பத்து வயதில் கடலுக்குப் போகத் தொடங்கிய எனக்கு, கைகால் நன்றாக இருக்கும்போது கொடுத்ததை வாங்கித் தின்றுவிட்டு அறையில் கிடந்த அந்த நாட்கள்தான் இந்த நாட்டில் மிகக் கஷ்டமானவை. அறையில் நாலு பேர். நாலு பேரும் பகலில் தூங்கி இரவில் முழித்திருப்போம்.

பிறகு நீங்கள் ஒரு சட்டம் கொண்டுவந்தீர்கள். 2014 டிசெம்பரில் செனட்டில் 34க்கு 32 என்று இரண்டு வாக்கு வித்தியாசத்தில் அது நிறைவேறியது. பழைய புகலிட வழக்குச் சுமையைத் தீர்க்கும் சட்டம் என்று அதற்குப் பெயர். ஏறக்குறைய 30,000 பேரை அந்தப் பெயரில் 'சுமை' என்று எழுதினீர்கள். அதை முதல் தரம் ஒருவர் எனக்குத் தமிழில் சொன்னபோது, தவறாகச் சொல்கிறாரோ என்று திரும்பக் கேட்டேன். அந்தச் சட்டம் எங்களுக்கென்று தனியாக 'விரைவு வழி' ஒன்றை உண்டாக்கியது. மூன்று வருடம் அல்லது ஐந்து வருடத் தற்காலிக வீசா மட்டும்தான் கிடைக்கும். அதையும் மறுத்தால் மேலாய்வு உண்டு. ஆனால் மேலாய்வு செய்பவர் பெரும்பாலும் ஆளைக் கூப்பிட்டு விசாரிக்க மாட்டார். கோப்பில் இருக்கும் காகிதத்தை வைத்து முடிவெடுப்பார். நாங்கள் ஐந்து பக்கத்துக்கு மேல் எழுதக் கூடாது. புதிதாக ஏதும் தகவல் கொடுத்தால், விதிவிலக்கான காரணம் இருந்தால்தான் அதைத் திரும்பியே பார்ப்பார்.

இந்த முறையில் முதல் காகிதத்தில் ஒரு பிழை விழுந்தால் என்ன ஆகும் என்று வாக்களித்தவர்கள் யோசித்தீர்களா? என் கோப்பில் விழுந்தது.

கரையிறங்கிய சில நாளில் என்னிடம் முதல் நேர்காணல் எடுத்தார்கள். அதிகாரி மேசைக்கு அந்தப் பக்கம். மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில். கடல் மயக்கம் தீராத உடம்பு. எதற்காக இந்தக் கேள்விகள், இது பின்னால் எதற்குப் பயன்படும் என்று சரியாக விளங்கவுமில்லை. கேட்டதற்குச் சொன்னேன். அந்த நேர்காணலின் குறிப்பில், இராணுவம் என்னை இரண்டு நாள் தடுத்து வைத்ததாக இருந்தது. என் சகோதரர் இயக்கத்தில் இருந்ததாகவும் இருந்தது.

2016இல் விண்ணப்பம் போட்டபோது நிலைமை வேறு. படகில் வந்தவர்களுக்கான அரச சட்ட உதவியை 2014 மார்ச்சிலேயே நிறுத்தியிருந்தார்கள். நூறுக்கு மேற்பட்ட கேள்விகள் கொண்ட அந்தப் படிவத்தை, ஓய்வு பெற்ற ஒரு ஆசிரியை ஞாயிற்றுக்கிழமைகளில் தன் சமையலறை மேசையில் வைத்து எங்களுக்கு நிரப்பித் தந்தார். எனக்கு முதல் பன்னிரண்டு பேருக்கு நிரப்பியிருந்தார். அதில் நான் பதினான்கு நாள் என்று சரியாகச் சொன்னேன். உடன்பிறந்தவர்கள் என்ற கேள்விக்கு ஒரு தங்கச்சி என்று சொன்னேன். அதுதான் உண்மை.

மறுப்புக் கடிதத்தில் இருந்தது இதுதான்: வந்தவுடன் இரண்டு நாள் என்றவர் பிறகு இரண்டு வாரம் என்கிறார், ஆகவே தன் கதையைப் பெருப்பிக்கிறார். முதலில் சகோதரர் இயக்கத்தில் இருந்தார் என்றவர் பிறகு தனக்குச் சகோதரரே இல்லை என்கிறார், ஆகவே நம்பத்தக்கவர் அல்லர். மேலாய்விலும் அதே வரிகள். என்னைக் கூப்பிடவில்லை. என் முகத்தைப் பார்க்காமல், என் குரலைக் கேட்காமல் நான் பொய்யன் என்று முடிவாகிவிட்டது. நீதிமன்றம் போனேன். சட்டம் சரியாகப் பின்பற்றப்பட்டதா என்றுதான் தாங்கள் பார்க்க முடியும், நடந்தது எது என்று பார்க்க முடியாது என்றார்கள். சட்டம் சரியாகத்தான் பின்பற்றப்பட்டிருந்தது.

2021இல் ஒரு இளம் சட்டத்தரணி பணம் வாங்காமல் என் கேஸை எடுத்தார். தகவல் அறியும் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்து, அந்த முதல் நேர்காணலின் ஒலிப்பதிவை வாங்கினார். அவருடைய அறையில் இருந்து கேட்டோம். ஒன்பது வருடத்துக்கு முந்திய என் குரல், இளம் குரல். நாற்பத்தோராவது நிமிடத்தில் நான் சொல்கிறேன்: "ரெண்டு கிழமை வச்சிருந்தவங்கள் ஐயா." தொலைபேசியில் ஒரு நொடி அமைதி. பிறகு மொழிபெயர்ப்பாளரின் குரல்: "டூ டேஸ்."

எங்கள் ஊரில் கிழமை என்றால் ஏழு நாள். போன கிழமை, வாற கிழமை என்றுதான் சொல்லுவோம். வாரம் என்ற சொல் பேச்சில் வராது. அந்த மொழிபெயர்ப்பாளரின் பேச்சு தமிழ்நாட்டுப் பேச்சு. அவருக்குக் கிழமை என்றால் திங்கட்கிழமை, செவ்வாய்க்கிழமை. அது ஒரு நாள். அவர் வேண்டுமென்று செய்யவில்லை. அவர் மேல் எனக்குக் கோபமும் இல்லை. இரண்டும் தமிழ்தானே என்று நினைத்து ஒருவரை அமர்த்தியவர்கள்தான் யோசித்திருக்க வேண்டும். அடுத்த நிமிடத்தில் அண்ணாவைப் பற்றிச் சொல்கிறேன்: "அண்ணா ஒராள் இயக்கத்தில இருந்தவர், பெரியம்மான்ர மகன்." பெரியம்மாவின் மகன் என்பது ஆங்கிலத்துக்குப் போகவே இல்லை. 'மை பிரதர்' என்று மட்டும் போயிற்று. தமிழில் பெரியம்மா மகனை வேறு எப்படிக் கூப்பிடுவது? பிறந்ததிலிருந்து அவர் எனக்கு அண்ணாதான்.

அந்தப் பெரியம்மா இன்றும் இருக்கிறார். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 முதல் வடக்கில் வீதியோரம் மகனின் படத்தோடு இருக்கிறார்களே, அவர்களில் ஒருவர். கையில் ஒப்படைத்த பிள்ளைக்கு என்ன நடந்தது என்று அவருக்கு அங்கே யாரும் பதில் சொல்லவில்லை. இங்கே என் கோப்பில், அப்படி ஒரு அண்ணா இருந்ததே பொய் என்று எழுதியிருக்கிறது.

ஒலிப்பதிவு கிடைத்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அன்றிரவு மனைவியை எடுத்து, இனிப் பயமில்லை என்றுகூடச் சொல்லிவிட்டேன். அப்புறம்தான் சட்டத்தரணி விளங்கப்படுத்தினார். மேலாய்வு முடிந்துவிட்டது, புதிய தகவலை வாங்க ஆளில்லை. கடல் வழி வந்தவன், அமைச்சர் தானாக மனம் வைத்துத் தடையை நீக்கினால் ஒழிய இன்னொரு விண்ணப்பம் போட முடியாது. தடையை நீக்கு என்று அமைச்சரை யாரும் கட்டாயப்படுத்தவும் முடியாது. அந்த ஒரு கதவைத்தான் நாங்கள் தட்டினோம். அதற்கு வந்த பதில்தான் அந்த இரண்டு பந்தி.

இந்தப் பதின்மூன்று வருடம் என் வீட்டில் எப்படிப் போனது என்பதையும் கேளுங்கள். இரண்டு வயதில் விட்டு வந்த மகளுக்கு இப்போது பதினைந்து. அவள் பெரிய பிள்ளையாகி வீட்டில் சாமத்தியச் சடங்கு வைத்தபோது, டண்டினோங்கில் ஒரு தொழிற்சாலையின் பின்பக்கம், இரவு வேலை இடைவேளையில், கைத்தொலைபேசியில் பார்த்தேன். மாமன் தண்ணீர் வார்க்க, அப்பா நிற்க வேண்டிய இடத்தில் என் தங்கச்சியின் கணவர் நின்றார். பிள்ளை சேலை கட்டித் திரையைப் பார்த்துக் கை காட்டினாள். அடுத்த வருடம் அம்மா போய்விட்டார். கொள்ளி வைக்க நான் இல்லை. இந்தப் பிரிட்ஜிங் வீசாவில் நாட்டை விட்டு வெளியே போனால் திரும்ப வர முடியாது. மனைவி பிள்ளையைக் கூப்பிடவும் முடியாது. வீசா முடிந்து புதியது வரும் வரைக்குள் மருத்துவத்துக்கான மெடிக்கேர் அட்டை நின்றுபோகும். வேலையிடத்தில் புதிய வீசாவைக் காட்டு என்பார்கள். இன்னும் வரவில்லை என்றால், வந்த பிறகு வா என்பார்கள். இப்படி மூன்று தரம் வேலை போயிருக்கிறது. வரி கட்டுவதில் மட்டும் எனக்கு ஒரு வருடமும் இடைவெளி இல்லை.

எங்கள் படகில் வந்த ஒருவர், பக்கத்து ஊர்க்காரர், இப்போதும் என் அறைக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். அவருக்கும் அண்ணா ஒருவர் இயக்கத்தில் இருந்தார், அவரையும் பிடித்து அடித்தார்கள். அவருடைய நேர்காணலில் மொழிபெயர்த்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். அவருக்கு ஐந்து வருட வீசா கிடைத்தது. 2023 பெப்ரவரியில், தற்காலிக வீசா வைத்திருந்த சுமார் 19,000 பேர் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று அரசு அறிவித்தபோது அவரும் அதில் வந்தார். இந்தியாவுக்குப் போய் மனைவி பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வந்தார். அவர்களுக்கும் விண்ணப்பம் போட்டிருக்கிறார். அவருக்காக நான் மனதாரச் சந்தோசப்படுகிறேன். வந்திறங்கிய அன்று விமான நிலையத்துக்குப் போய்க் கூட்டிக்கொண்டு வந்தவனும் நான்தான். ஆனால் அவரையும் என்னையும் பிரித்தது என்ன? எங்களுக்கு நடந்ததில் வித்தியாசம் இல்லை. தொலைபேசியில் வந்த குரலில்தான் வித்தியாசம்.

2023இல் அந்த வழிக்குள் சேர்க்கப்படாமல் விடப்பட்டவர்கள் சுமார் 12,000 பேர். தமிழர்கள் இருக்கிறோம், ஈரானியர்கள், ஆப்கானியர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள். அந்த வருடம் எங்களில் 22 பெண்கள் மெல்பேர்ணிலிருந்து கன்பராவுக்கு 640 கிலோமீற்றர் நடந்து உங்கள் பாராளுமன்ற வாசலுக்கு வந்தார்கள். அடுத்த வருடம் மெல்பேர்ணில் குடிவரவுத் திணைக்கள வாசலில் இரவு பகலாக மாதக்கணக்கில் இருந்தோம். வேலை முடிந்து நேரே அங்கே போய், விடியும் வரை இருந்துவிட்டுத் திரும்ப வேலைக்குப் போன நாட்கள் எனக்கு நிறைய. உங்களில் சிலர் வந்து எங்களோடு நின்றீர்கள். அதை மறக்கவில்லை.

இப்போது எனக்கு விளங்காத ஒன்றைக் கேட்கிறேன். இந்த விரைவு வழி நியாயமான, முழுமையான மதிப்பீட்டைத் தராது என்று இன்றைய ஆளும் கட்சி தன் கொள்கை அறிக்கையிலேயே எழுதியது. சொன்னபடி 2024 அக்டோபரில் அந்த மேலாய்வு அமைப்பை மூடியும் விட்டது. இனி வருபவர்களை நேரில் கேட்டு விசாரிக்கும் தீர்ப்பாயம் வந்திருக்கிறது. நல்லது. ஆனால் தராசு பிழை என்று தராசை எடுத்து வைத்த பிறகு, அந்தத் தராசில் நிறுத்துப் போட்ட எங்களைத் திரும்ப நிறுக்க வேண்டாமா? அதற்குப் பதிலாக 2024 நவம்பரில், நாட்டை விட்டு அனுப்பும் ஏற்பாட்டுக்கு ஒத்துழைக்காதவர்களைச் சிறையில் போடவும், வேறு நாடுகளுக்குப் பணம் கொடுத்து ஆட்களை அனுப்பவும் சட்டம் கொண்டுவந்தீர்கள். அந்தக் கிழமை முழுவதும் எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

இலங்கையில் போர் முடிந்து இத்தனை வருடம், திரும்பிப் போனால் என்ன என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் இன்னும் நீங்கவில்லை. என்னைப் போலப் படகில் போனவன் திரும்பினால், சட்டவிரோதமாக வெளியேறியதற்காகக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் விசாரித்து நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவார்கள். அங்கே கேட்கப்போவதும் அண்ணாவைப் பற்றித்தான். அவர் எங்கே என்று நான் எப்படிச் சொல்வேன்? அவரைப் பாலத்தடியில் பதிந்து கூட்டிக்கொண்டு போனவர்களுக்குத்தான் அது தெரியும்.

நான் கேட்பது இவை. விரைவு வழியில் மறுக்கப்பட்ட எல்லோருக்கும், அமைச்சரின் தனிப்பட்ட மனதைப் பொறுத்து என்று விடாமல், புதிதாக விண்ணப்பிக்க இருக்கும் தடையைச் சட்டத்தாலேயே நீக்குங்கள். பத்து வருடத்துக்கு மேல் இங்கே வாழ்ந்து உழைத்தவர்களுக்கு, 2023இல் மற்ற 19,000 பேருக்குத் திறந்த நிரந்தர வதிவிட வழியையே திறந்துவிடுங்கள். அது உடனே முடியாது என்றால், ஒவ்வொருவரையும் நேரில் கூப்பிட்டுக் கேளுங்கள். அது முடியும் வரை எங்களில் ஒருவரையும் எந்த நாட்டுக்கும் அனுப்பாதீர்கள்.

அதுவரைக்கும் தரும் வீசா, வேலைக்கும் படிப்புக்கும் மருத்துவத்துக்கும் இடைவெளி விழாத வீசாவாக இருக்கட்டும். இங்கே வளர்ந்த எங்கள் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, வெளிநாட்டு மாணவர் கட்டணம் கட்ட வழியில்லாமல் கடைகளில் பெட்டி அடுக்குகிறார்கள். அவர்கள் படிக்க வழிசெய்யுங்கள். பெற்றோர் சாகக் கிடந்தால், பிள்ளையை ஒருதரம் பார்க்க வேண்டும் என்றால், மூன்றாவது நாடு ஒன்றுக்காவது போய்த் திரும்பி வர அனுமதி கொடுங்கள்.

மொழிபெயர்ப்பாளரை அமர்த்தும்போது தமிழா என்று மட்டும் கேட்காமல் எந்த ஊர்த் தமிழ் என்றும் கேளுங்கள். ஒருவரை முரண்பட்டுப் பேசுகிறார் என்று எழுதுவதற்கு முதல், அவர் சொன்ன மொழியிலேயே ஒலிப்பதிவைக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும் என்பதை விதியாக்குங்கள். பழைய மறுப்புகளில் இப்படி முரண்பாடு என்று எழுதப்பட்ட ஒவ்வொன்றையும் அப்படித் திரும்பக் கேட்கச் செய்யுங்கள்.

என் ஒலிப்பதிவு மனுவோடு இருக்கிறது. நீளம் ஒரு மணித்தியாலம் எட்டு நிமிடம். முழுவதும் கேட்க நேரம் இல்லையென்றால், ஈழத்தவர் ஒருவரைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு நாற்பத்தோராவது நிமிடத்திலிருந்து இரண்டு நிமிடம் கேளுங்கள்.

இப்படிக்கு,
2012இல் படகில் வந்த ஒருவன்
டண்டினோங், விக்டோரியா